சாவியைக் கொடுத்துப் பாருங்கள்: உள்ளூர் சரக்கு வண்டி உரிமையாளர் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

கூட்டமைப்பின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை உங்கள் உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில், அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து படித்தேன். என்னை ஏன் வேலைக்கு எடுக்க முடியாது என்று கேட்டதற்கு, அந்தத் தாளைத்தான் அவர் என் பக்கம் திருப்பி வைத்தார். கடந்த 3 ஆண்டுகளில் குறைந்தது 2 ஆண்டு தொடர்ச்சியாகக் கனரக வண்டி ஓட்டியிராத யாரையும் உள்ளூர் விநியோக வண்டியில் ஏற்றக் கூடாது என்கிறது முதல் பத்தி. ஓட்டுநர் கிடைக்காமல் வண்டிகள் ஷெட்டில் நிற்கின்றன, உறுப்பினர்கள் நஷ்டப்படுகிறார்கள் என்கிறது மூன்றாம் பத்தி. இந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவே நான் நிற்கிறேன். இந்தத் தேடலில் ஒவ்வொரு அலுவலக வாசலிலும் என்னைப் போன்றவர்களைப் பார்த்தேன்.

14 வருடம் லாரி ஓட்டியவன் நான். முதல் 4 வருடம் பத்துச் சக்கர வண்டி, பிறகு 10 வருடம் டிரெய்லர். எல்லாமே நீண்ட தூர ஓட்டம். ஒரு நடை போனால் வீடு திரும்பப் பத்து நாளாவது ஆகும். அந்த 14 வருடத்தில் என் வண்டி யாரையும் காயப்படுத்தவில்லை. ஒரே ஒரு முறை, மழை இரவில் ஒரு தொழிற்சாலைக் கதவுத் தூணில் டிரெய்லரின் பின்பக்கம் உரசியது. அதை நானே முதலாளியிடம் சொன்னேன், சேதத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு என் மனைவியின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கூட்டிப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், முடிந்ததும் நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வருகிறவளைத் தாங்கிக் கூட்டி வர வேண்டும். பத்து நாள் நடைக்குப் போகிறவன் இதை எப்படிச் செய்வான்? சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஆறரை வருடம் ஆயிற்று. அவளுடைய அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். இன்று என் மனைவி நடமாடுகிறாள், சமைக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க வேளை தவறாமல் மாத்திரை வேண்டும். சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதனால்தான் உள்ளூர் ஓட்டம் தேடுகிறேன். காலையில் வண்டி எடுத்து, இருட்டுவதற்குள் லோடு இறக்கி, வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு ராத்திரிக்கு வீட்டில் இருக்கிற வேலை எனக்கு வேண்டும். நீண்ட தூர வண்டிக்கு இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதற்கு என்னால் போக முடியாது.

இந்த ஆறரை வருடத்தில் என் கனரக உரிமத்தை ஒருநாள்கூடக் காலாவதியாக விட்டதில்லை. கண் பரிசோதனை, உடல்தகுதிச் சான்று எல்லாம் அந்தந்தக் காலத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஒரு குடோனில் வண்டி வரவு எழுதும் வேலை பார்த்தேன். வருகிற வண்டியைச் சரக்கு ஏற்றி இறக்கும் எந்த மேடையில் ஒதுக்குவது, எது முதலில் இறங்கும், எது காத்திருக்கும் என்று பார்ப்பது என் பொறுப்பு. ஓட்டவில்லை என்றாலும் ஆறு வருடம் வண்டிகளின் நடுவில்தான் இருந்தேன். உங்கள் சுற்றறிக்கையின் கணக்கில் இதற்கு மதிப்பில்லை.

நான் வேலை கேட்டு ஏறி இறங்கிய இடங்கள் 11. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. மூன்று இடங்களில் கைபேசியில் படிவம் நிரப்பச் சொன்னார்கள். 'கடந்த 24 மாதத்தில் கனரக வண்டி ஓட்டிய மாதங்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அதற்கு முந்தைய 14 வருடத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பொய்யாக ஒரு எண்ணைப் போட்டு உள்ளே போ, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பொய் சொல்லித்தான் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டுமென்றால் அது எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்படி எண்ணைப் போட்டு உள்ளே போனவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உண்மை சொல்பவனை வெளியே நிறுத்துகிற படிவம் உங்கள் வண்டிகளுக்குப் பாதுகாப்பு ஆகுமா என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

இன்னோர் இடத்தில் நேர்காணல் இருபது நிமிடம் நடந்தது. ஏன் விட்டீர்கள், இவ்வளவு நாள் ஏன், திரும்ப விட்டுப் போய்விட மாட்டீர்களா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் லீவு கேட்பீர்களா? எல்லாக் கேள்வியும் என் வீட்டைப் பற்றித்தான். வண்டியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக்கில் மிதித்ததற்கும் சக்கரம் பிடிப்பதற்கும் நடுவே காற்று ஓடிப் போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடியில் வண்டி 7 மீட்டர் முன்னே போயிருக்கும், அதை எப்படிக் கணக்கில் வைத்து ஓட்டுவீர்கள் என்று கேட்டிருக்கலாம். காற்றழுத்தம் இறங்கி எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்வீர்கள், அதையும் மீறி ஓட்டினால் ஸ்பிரிங் பிரேக் தானாக இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரியுமா என்று கேட்டிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முப்பது அடியில், ஓட்டுநர் இல்லாத ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. சாவி சுவரில் தொங்கியது. எழுந்து வாருங்கள், அதை அந்த மேடையில் பின்னால் விட்டுக் காட்டுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் அவருக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று நடந்தது. அதை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். ஓர் உறுப்பினர் நிறுவனத்தில் 'ட்ரயல்' பாருங்கள் என்றார்கள். அனுபவ இடைவெளி இருக்கிறது, அதனால் ட்ரயலுக்குச் சம்பளம் கிடையாது என்றார்கள். ஒத்துக்கொண்டேன். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தேன். 12 நாள் ஓடியது. பண்டிகைக்கு முந்தைய நெரிசல் அது, தினமும் முழு லோடு. பக்கத்தில் யாரும் உட்கார்ந்து என்னைப் பார்க்கவில்லை, யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, தனியாகத்தான் அனுப்பினார்கள். பதின்மூன்றாம் நாள் காலை போனபோது, உங்களுக்கு ரீசன்ட் அனுபவம் இல்லை, மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வண்டியைத் தனியாக என்னிடம் கொடுத்த 12 நாளும் அந்த இடைவெளி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சம்பளம் கொடுக்க வேண்டிய நாள் வந்ததும் தெரிந்துவிட்டது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. கூட்டமைப்பு அதிகாரப்பூர்வமாகக் கேட்டால் தேதியோடு, டெலிவரி ரசீதுகளின் நகலோடு தருகிறேன்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். எல்லாரும் முதலில் சொல்வது இன்சூரன்ஸ். 'நாங்கள் எடுக்கத் தயார், காப்பீட்டுக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது' என்பதை நான்கு இடங்களில் கேட்டேன். ஐந்தாவது இடத்தில் இருந்தவர் நேர்மையான மனிதர். அப்படியா என்று யோசித்து, பாலிசியை எடுத்து என் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓட்டுபவருக்கு அந்த வகை வண்டிக்கான செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் ரத்தானவராக இருக்கக் கூடாது, போதையில் ஓட்டக் கூடாது. இவ்வளவுதான் இருந்தது. இரண்டு வருட அனுபவம் என்ற சொல்லே அதில் இல்லை. அவரே ஆச்சரியப்பட்டுப் போனார். பிறகுதான் உங்கள் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். வேறு சில பாலிசிகளில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கக்கூடும், மறுக்கவில்லை. இருந்தால் அந்த வரியைக் காட்டுங்கள். அதைத் தளர்த்த என்ன வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். பார்க்காத பாலிசியைக் காரணம் காட்டி ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வண்டி தெருவுக்குள் வரும்போது அதன் பக்கத்தில் குழந்தைகள் நடந்து போகிறார்கள், சைக்கிள் போகிறது, கண்ணாடியில் தெரியாத இடங்களில் மனிதர்கள் நிற்கிறார்கள். ஆறரை வருடம் ஓட்டாதவனிடம் அந்த வண்டியை யோசிக்காமல் கொடுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். என் கேள்வி வேறு. உங்கள் விதி யாரை உள்ளே விடுகிறது என்று பார்த்தீர்களா?

இரண்டு வருடமாக நெடுஞ்சாலையில் மட்டும் டிரெய்லர் ஓட்டியவர் உங்கள் விதிப்படி நாளைக்கே உள்ளூர் வண்டியில் ஏறலாம். நானும் அப்படி ஓட்டியவன்தான், அதனால் அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தே சொல்கிறேன். அங்கே எதிரி தூக்கம். நேர் சாலை, ஒரே வேகம், மணிக்கணக்காக ஒரே காட்சி. உள்ளூர் ஓட்டத்தில் தூக்கத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது? குறுகலான திருப்பத்தில் முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் விட்டு அகலமாக எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது உள்பக்க இடைவெளியில் ஒரு இருசக்கர வண்டி நுழைந்துவிடும். தாழ்ந்த மின்கம்பி, மரக்கிளை, மேம்பாலத்தின் உயரம், பாதி தெருவை அடைத்து நிற்கும் கார் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட ரிவர்ஸ். ஓட்டுநர் பக்கம் பார்த்துப் பின்னால் விடுவது ஒரு வேலை, கண்ணுக்குத் தெரியாத மறுபக்கமாகப் பின்னால் விடுவது முற்றிலும் வேறு வேலை. சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள் என்பதற்காக இறங்காமல் விடுபவர்தான் இடிக்கிறார். குடோன் வாசலில் ஆறு வருடம் நின்று நான் கண்ணால் பார்த்தது இது. மேடையில் இடித்த வண்டிகளின் ஓட்டுநர்களுக்கெல்லாம் உங்கள் விதி கேட்கும் அனுபவம் இருந்தது. அவர்களில் பலர் இறங்கிப் பார்க்காதவர்கள்.

இந்த வேலை எனக்கு இப்போது வருமா என்று நானும் சந்தேகப்பட்டேன். அதற்குப் பதில் கிடைக்க ஒரு வாய்ப்பு வந்தது. உங்கள் கூட்டமைப்பில் இல்லாத, இரண்டே வண்டி வைத்திருக்கிற ஒருவரின் ஓட்டுநருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் என் தாள்கள் எதையும் முதலில் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தார். வண்டியைச் சுற்றி வாருங்கள் என்றார். டயர், சக்கர நட்டு, காற்றுக் கசிவு, விளக்கு, லோடு கட்டிய பட்டை என்று நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதைப் பேசாமல் கவனித்தார். பிறகு காலி மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் விடச் சொன்னார். பிறகு உரிமம் கேட்டார். முதல் நான்கு நாள் அவரே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். அந்த நான்கு நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார்.

எதை மறந்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. முதல் நாள் முழுக்க என் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது. மூன்றாம் நாள் புகை வடிகட்டியின் விளக்கு எரிந்தது, எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. நான் ஓட்டிய பழைய வண்டிகளில் அப்படி ஒரு பொருளே கிடையாது. நெடுஞ்சாலையில் ஓடும்போது புகைக்குழாயின் சூட்டில் வடிகட்டியில் சேர்ந்த கரி தானாக எரிந்து போகும். பத்து நிமிடம் ஓடுவதும் அரை மணி நேரம் நிற்பதுமாக இருக்கிற உள்ளூர் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும். வண்டியை ஓரமாக நிறுத்தி அந்தக் கரியை எரிய விடுவது எப்படி என்று அவர் காட்டினார். புகையின் நச்சைக் குறைக்க, டீசலில் கலக்காமல் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாக் கரைசலும் எனக்குப் புதிது. டெலிவரிக்குக் கையெழுத்தும் படமும் கைபேசியில் வாங்க வேண்டியிருந்தது, அதில் இரண்டு நாள் தடுமாறினேன். இரண்டாம் நாள் மாலை தோள்பட்டை வலியில் கையைத் தூக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிட்டது.

மறக்காதவை என்ன என்றும் சொல்ல வேண்டும். கண்ணாடியிலிருந்து கண்ணாடிக்குப் போகும் பார்வை மறக்கவில்லை. முன்னால் போகிறவனுக்கும் நமக்கும் விட வேண்டிய தூரம் மறக்கவில்லை. லோடு ஏறிய வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்பது இடுப்புக்குத் தெரிந்தே இருந்தது. இறங்கிப் பார்க்கும் பழக்கம் அப்படியே இருந்தது.

19 நாள் அந்த வண்டியை ஓட்டினேன். குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன், 214 இடங்களில் வண்டியைப் பின்னால் விட்டு லோடு இறக்கினேன். ஒரு கீறல் இல்லை, ஒரு புகார் இல்லை. நான் டிரெய்லர் ஓட்டிய காலத்தில் ஒரு நடைக்கு ஏற்ற இரண்டு இடம், இறக்க இரண்டு இடம், மொத்தம் நான்கு தடவை மேடையில் விட்டால் அதிகம். நடைக்குப் பத்து நாள் என்று வைத்தால் 214 தடவை பின்னால் விட ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். உள்ளூர் வேலைக்கு வேண்டிய பழக்கத்தை அந்த 19 நாளில் நான் பெற்றேன். கால் சரியாகி அவருடைய பழைய ஓட்டுநர் திரும்பி வந்தார், நான் இறங்கினேன். அது நியாயம்தான். அவர் எனக்கு ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு உங்கள் உறுப்பினரிடம் போனபோதுதான், 19 நாள் 2 வருடம் ஆகாது என்று சொல்லி அந்தச் சுற்றறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

விட்டுப்போன தொழிலுக்குத் திரும்புகிறவர்களை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பயணிகள் விமானம் ஓட்டுபவர் கடந்த 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் விதி. அந்தக் கணக்குத் தவறினால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. பயிற்சிக் கருவியில் உட்கார வைத்தோ, பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்தோ அவர் திறமையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம் மறுபயிற்சி எடுக்க வேண்டும் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. தொழிலை விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவர் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு ஓட்டலாம் என்று அதே சட்டம் வழியும் சொல்கிறது. 35 மணி நேரம் என்பது ஐந்து வேலை நாள். எனக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியிருந்தது நான்கே நாள்.

ஆள் பற்றாக்குறை உண்மை என்பதையும் நான் மறுக்கவில்லை. சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒன்றியம் 2023-இல் 36 நாடுகளில் எடுத்த கணக்கில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர் இடங்கள் காலியாக இருந்தன, மொத்த இடங்களில் 7 சதவீதம். இளைஞர்கள் வரவில்லை என்று எல்லா இடத்திலும் கவலைப்படுகிறார்கள். வரட்டும், வர வேண்டும். அதற்குள், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்து, உரிமம் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள இறங்கியவர்கள் இருக்கிறார்களே? அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் ஒருவரை அலுவலக வாசலில் சந்தித்தேன். முதுகுத் தண்டில் அறுவை செய்து குணமாகி வந்த ஒருவரைச் சந்தித்தேன். குழந்தை பிறந்து நான்கு வருடம் வீட்டில் இருந்த ஒரு பெண் ஓட்டுநரைச் சந்தித்தேன். அவரிடம் கேட்ட கேள்விகள் என்னிடம் கேட்டதைவிடக் கேவலமானவை, அவற்றை எழுத எனக்கு மனமில்லை. நாங்கள் எல்லோருமே உள்ளூர் ஓட்டம்தான் கேட்கிறோம், ஏனென்றால் எந்த வீட்டுக்காக இறங்கினோமோ அந்த வீட்டுக்கு ராத்திரி திரும்ப வேண்டும். அப்படி வருகிறவர் வேலையை எளிதில் விட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் கேட்பது இதுதான்.

சுற்றறிக்கையின் முதல் பத்தியைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, செல்லுபடியாகும் உரிமமும் உடல்தகுதிச் சான்றும் உள்ள யாரும், எத்தனை வருட இடைவெளி இருந்தாலும், வண்டியில் உட்கார்ந்து சோதனை கொடுக்கலாம் என்று எழுதுங்கள். சோதனை எல்லா உறுப்பினர்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும்: வண்டியைச் சுற்றிப் பரிசோதிப்பது, ஏர் பிரேக்கைச் சோதிப்பது, இரண்டு பக்கமும் ரிவர்ஸ், நெரிசலான தெருவில் ஒரு மணி நேர ஓட்டம். தேறாதவரை ஏன் தேறவில்லை என்று எழுத்தில் சொல்லி அனுப்புங்கள். நான் தேறாவிட்டால் என்னையும் அப்படியே அனுப்புங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

தேறியவருக்கு அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் இருக்க ஐந்து நாள் பழக்க ஓட்டம் கொடுங்கள். புதிய வண்டிகளின் கியர், வடிகட்டி, கைபேசிச் செயலி எல்லாம் அந்த ஐந்து நாளில் கற்றுக்கொள்ளலாம். சொல்லிக் கொடுக்கும் ஓட்டுநருக்கும் அதற்குத் தனியாக ஏதாவது கொடுங்கள், அவர் வேலை இரட்டிப்பாகிறது.

சம்பளமில்லாத ட்ரயலை இன்றே தடை செய்யுங்கள். லோடு ஏறிய வண்டியோடு ஒருவரை வெளியே அனுப்பினால் அன்றைக்கு அவருக்குச் சம்பளம் உண்டு என்று உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். எனக்கு வர வேண்டிய 12 நாள் சம்பளத்தை வாங்கித் தாருங்கள். அதே இடத்தில் அதே போல ஓட்டிப் போன மற்றவர்களுக்கும் வாங்கித் தாருங்கள்.

காப்பீட்டு நிறுவனங்களோடு கூட்டமைப்பாகப் பேசுங்கள். தனித்தனி உரிமையாளர் கேட்டால் நடக்காதது நீங்கள் சேர்ந்து கேட்டால் நடக்கும். எந்தப் பாலிசியில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று உறுப்பினர்களுக்கு ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

கைபேசிப் படிவத்தில் மொத்த அனுபவத்துக்கும், இடைவெளிக்கான காரணத்துக்கும் ஒரு கட்டம் சேருங்கள். பூஜ்யம் போட்டாலும் அடுத்த பக்கம் திறக்கட்டும்.

உங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த மடலை எடுத்துப் பேசி, முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். சோதனைக்கு முதல் ஆளாக நானே வருகிறேன். நாளையும் இடத்தையும் நீங்கள் குறியுங்கள், வண்டியும் உங்களுடையதாக இருக்கட்டும். என் உரிமம், உடல்தகுதிச் சான்று, 14 வருட வேலைக் கடிதங்கள், அந்த 19 நாளின் குறிப்பேடு எல்லாவற்றையும் கொண்டு வருகிறேன். முதலில் சாவியைக் கொடுங்கள், தாள்களைப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஆறரை வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கும் ஒரு லாரி ஓட்டுநர்